பழைய ராணி உள்ளேதான் இருந்தது

அன்புள்ள தம்பிக்கு,

இந்த நேரங்கெட்ட நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். எழுத்து கோணலாக இருந்தால் லாம்பைத்தான் குறை சொல்ல வேண்டும். உன் தங்கச்சி இப்போதுதான் கண் அசந்தாள், திரியைத் தூண்டினால் எழுந்துவிடுவாள். காலையில் எழுதலாம் என்று ஒரு தடவை பேனையை மூடியும் வைத்தேன். காலையில் எழுந்தால் சமைக்க வேண்டும், பாடசாலைக்கு ஓட வேண்டும், அந்த ஓட்டத்தில் இந்தக் கோபம் ஆறிவிடும். ஆறின பிறகு எழுதினால் எல்லோரும் சுகம், உன் சுகத்துக்கு எழுதவும் என்றுதான் வரும். அப்படிப்பட்ட கடிதங்களை நான் உனக்கு நிறையவே எழுதிவிட்டேன், ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. அதனால் இதைக் கோபத்தோடேயே எழுதி, கோபத்தோடேயே ஒட்டி, விடிந்ததும் தபாலில் சேர்த்துவிடப் போகிறேன்.

இன்றைக்குச் சாப்பாட்டில் உட்கார்ந்தபடி உன் அப்பா சொன்னார்: "தம்பி எழுதியிருக்கான். தேன் பெட்டி மூணையும் ரத்தோட்டைக்கு அக்கா வீட்டுக்கு அனுப்பிடச் சொல்றான். வர்ற பௌர்ணமி போயா லீவுக்கு அவங்க லொறி அனுப்புறாங்களாம்." ஏன் என்று கேட்டேன். அவர் தட்டைப் பார்த்தார். கேட்கக்கூடாத கேள்வி எது வந்தாலும் அவர் தட்டைத்தான் பார்ப்பார், உனக்குத் தெரியுமே. கடிதம் அவர் சட்டைப்பையில் நீட்டிக்கொண்டிருந்தது, நானே எடுத்துப் படித்தேன். 'அவங்க கை பட்ட பெட்டி இனி விளங்காது. மற்ற இரண்டையாவது காப்பாற்ற வேண்டும்' என்று எழுதியிருக்கிறாய். அந்த வார்த்தை ரத்தோட்டையிலிருக்கும் உன் அத்தையுடையது, அது எனக்குத் தெரியும். ஆனால் கையெழுத்து உன்னுடையது. அத்தை சொன்னால் ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டுவிடுவேன், மூன்று வருடமாக அதைத்தானே செய்கிறேன். நீ எழுதினதை அப்படி விட முடியவில்லை. நான் உன்னைப் பெற்றவள் இல்லை, உன் அம்மா போன பிறகு இந்த வீட்டுக்கு வந்தவள், உனக்கும் எனக்கும் எட்டு வயதுதான் வித்தியாசம். இதையெல்லாம் எனக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஆனால் செய்யாத குற்றத்தை என் தலையில் கட்டுவதற்கு இதெல்லாம் ஒரு காரணமா?

போன தடவை வந்து நீ பையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு நடந்ததை உனக்கு அத்தை சொல்லியிருப்பார். நான் பார்த்ததை இப்போது நீ கேள். நடுப்பெட்டி நலிந்து வருகிறது என்று உனக்கு முதலில் எழுதினது யார்? நான்தான். அடையில் குஞ்சு அங்கொன்றும் இங்கொன்றுமாக, அம்மைத் தழும்பு மாதிரி கிடக்கிறது என்று எழுதினேன். வழக்கம்போல் பதில் அப்பாவுக்கு வந்தது: ராணித் தேனீ செத்திருக்கும், புதிது கொண்டுவருகிறேன் என்று. நான் மறுபடி எழுதினேன், சாகவில்லை, அடைச் சட்டத்தைத் தூக்கிப் பார்த்தபோது என் கண்ணால் கண்டேன், ஒரு பக்கத்து இறக்கை கிழிந்திருக்கிறது, ஆனால் உயிரோடு நடமாடுகிறது என்று. அந்தக் கடிதத்தை நீ படித்தாயோ, உறையோடு கிழித்தாயோ. கொழும்பிலிருந்து வந்தாய், வரும் வழியில் உன் கூட்டாளி, வீட்டில் தேனீ வளர்க்கிற பஸ் கொண்டக்டர் சோமேயிடம் வாங்கிய ராணியை நெருப்புக்குச்சிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தாய். உன் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. இந்த வீட்டில் நான் பார்த்த உன் முதல் சிரிப்பு அதுதான் என்பதால் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

அப்போதுதான் குழந்தையைப் பார்க்க வந்திருந்த அத்தை எழுந்து வந்தார். "புது ராணி வீட்டுக்கு வருது, ஆலத்தி எடுக்காம உள்ள விடலாமா?" என்றார். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, தட்டில் வெற்றிலை வைத்து, அதன் மேல் கற்பூரம் கொளுத்தி, நெருப்புப் பெட்டிக்கு மூன்று சுற்று சுற்றினார். நீ அதை மாப்பிள்ளை மாதிரி உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நின்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிக்காமல் நின்றால் அதற்கும் ஒரு பேர் வைப்பார்கள். நான் இந்த வாசற்படி ஏறிய அன்று இதே அத்தை என்ன சொன்னார் தெரியுமா? "ரெண்டாந்தாரத்துக்கு என்ன ஆலத்தி? அக்கம்பக்கம் சிரிக்கும். சும்மா உள்ள வரச் சொல்லு." நானாகத்தான் வலது காலை எடுத்து வைத்து வந்தேன். ஒரு பூச்சிக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை. அதையும் விழுங்கிக்கொண்டேன். விழுங்கிக்கொண்டு உன்னிடம் சொன்னேன்: "தம்பி, பழசு உள்ளதான் இருக்கு. முதல்ல அதைத் தேடி எடுக்கணும். புதுச கம்பிக்கூட்டுல போட்டு நாலு நாளைக்கு உள்ள தொங்கவிட்டுத்தான் குடுக்கணும்." நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "அப்பா, இந்த பஸ்ஸ விட்டா எனக்குக் கண்டியில ரயில் கிடைக்காது. மேல தேனைத் தடவி விட்டா நக்கி நக்கியே சேர்த்துக்கும். புஸ்தகம் படிச்சவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போகுது?" என்றாய். "டீச்சரம்மா தேனீக்கும் பாடம் நடத்துவாங்க போல" என்றார் அத்தை. அப்பா மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார்.

தேனைத் தடவினாய், உள்ளே விட்டாய், மூடியைப் போட்டாய், போய்விட்டாய். பெட்டிகள் இருக்கிற சாதிக்காய் மரத்தடியில் இரண்டு நிமிடம் நின்று காது கொடுத்திருந்தால் உனக்கே கேட்டிருக்கும். பெட்டிக்குள் சத்தம் ஏறிக்கொண்டே வந்தது. நான் திறந்தேன். ஆமாம், திறந்தது நான்தான், அதை யாரிடமும் மறைக்கவில்லை. அடிப்பலகையில் தேனீக்கள் எலுமிச்சங்காய் அளவுக்கு உருண்டையாகத் திரண்டு கிடந்தன, உருண்டைக்குள்ளே நீ கொண்டுவந்த ராணி. கையால் பிரிக்க முடியாது, உருண்டையோடு அள்ளித் தண்ணீரில் போட்டால் ஒவ்வொன்றாக விட்டு விலகும் என்று படித்திருக்கிறேன். தண்ணீர்ப் பேசினில் போட்டேன். விலகின. ஆனால் அதற்குள் அது செத்துப்போயிருந்தது. மேலே பார்த்தால், பக்கத்துச் சட்டத்தில், கிழிந்த இறக்கையோடு பழைய ராணி ஆறுதலாக நடந்து போகிறது. பழையது இருக்கும்போதே புதியதை உள்ளே தள்ளினால் தேனீ வேறு என்ன செய்யும்? அதன் மேல் குற்றமே இல்லை. நான் பேசினும் கையுமாக நின்றதைத்தான் அத்தை பார்த்தார். "அவன் போற வரைக்கும் காத்திருந்து திறந்துட்டா பாரு!" என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். சத்தம் போட்டவரின் இடுப்பில்தான் என் பிள்ளை இருந்தாள். கலைந்த தேனீ ஒன்று அவளைக் கண்ணுக்குக் கீழே கொட்டிவிட்டது. முகம் ஒரு பக்கம் வீங்கி, கண் திறக்க முடியாமல், மூச்சு முட்ட முட்ட அழுதாள். அப்பா டொக்டரைத் தேடி ஓடினார். கண் போய்விடுமோ என்று நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். இது உனக்கும் தெரியும், அத்தை அதையும் என் கணக்கில்தான் எழுதியிருப்பார். மூன்று பக்கம் கடிதம் எழுதியிருக்கிறாய் தம்பி, உன் தங்கச்சியின் கண் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. அவள் உன் அப்பாவின் பிள்ளைதானே? நல்லாயிருக்கிறாள். நீ கேட்காவிட்டாலும் சொல்லிவைக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கு யாரும் சொல்லாதது. பெட்டியை அப்படியே விட்டால் கூட்டம் முழுவதும் அழிந்துவிடும். முட்டை வைக்க மாட்டாத பழையதை வைத்துக்கொண்டு புதியதைக் கொடுக்க முடியாது. அடுத்த நாள் தங்கச்சியின் வீக்கம் கொஞ்சம் வற்றியதும் அவளை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, தேங்காய் மட்டையில் புகை போட்டு, சட்டம் சட்டமாகத் தேடி அதை எடுத்தேன். என் உள்ளங்கையில் அது வழி தேடி நடந்தது. உன் அம்மா கூட நின்று புகை போட்டுக்கொடுக்க நீ முதன்முதல் பிடித்துவந்த கூட்டத்தின் வழியில் வந்தது என்று அப்பா எப்போதோ சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நீ ஏன் தேடவில்லை என்றும் அந்த நிமிடம்தான் விளங்கியது. பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை. தேடினால் அகப்படும், அகப்பட்டால் நசுக்க வேண்டும். அதற்கு உனக்கு மனம் வரவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் தேட வேண்டாம் அல்லவா? அதனால் அது செத்தது என்று சொன்னாய், உயிரோடு கண்டேன் என்று சொன்னவளைப் புஸ்தகப் பூச்சி ஆக்கினாய். என் கோபத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய கோபம் இதுதான். 'என்னால முடியல, நீங்க செய்யுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் செய்திருக்க மாட்டேனா? கடைசியில் நான்தானே செய்தேன். மரத்தடியில் தனியாக நின்று, கட்டைவிரல் நகத்தால் செய்தேன். கறிக்கு மீன் கழுவுகிறவள்தான், ஆனாலும் அன்று சோறு இறங்கவில்லை.

உன் கூட்டாளி சோமேக்குச் சொல்லியனுப்பினேன். அவன் அடுத்த நடைக்கே இன்னொரு ராணியைச் சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்து வாசலில் நின்றான். "மிஸ், போன ராணிக்கு டிக்கட் போடல்ல, அதான் பயணம் சரிவரல்ல. இதுக்கு அரை டிக்கட் போட்டிருக்கு" என்றான். அன்றைக்கு இந்த வீட்டில் என்னைச் சிரிக்க வைத்தது அவன் ஒருவன்தான். தம்பிக்குச் சொல்லவா என்று கேட்டான், வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றேன். பழுதாய்ப்போன, தேயிலை வடிக்கிற வடியின் கம்பி வலையை வெட்டிச் சுருட்டிக் கூடு செய்தேன். ஒரு முனையைக் கட்டையால் அடைத்தேன். மறுமுனைக்குச் சீனியை மாவாக இடித்துத் தேன் விட்டுப் பிசைந்து அடைத்தேன். சீனி எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். சங்கக் கடையில் கூப்பனுக்குக் கொடுப்பதில்தான், தங்கச்சியின் பாலுக்கு வைத்திருந்ததில்தான். "பச்சப்புள்ள பாலுக்கு இல்லாத சீனி பூச்சிக்கா?" என்று அதற்கும் அத்தையிடம் ஒரு பேச்சு வாங்கினேன். மிச்சத்தைத் தண்ணீரில் கரைத்து, ஏலக்காய் நசுக்கிப் போட்டு, கூட்டின் மேலும் தேனீக்களின் மேலும் தெளித்தேன், எல்லாவற்றுக்கும் ஒரே வாசம் வரட்டும் என்று. முதல் நாள் அவை கம்பியைக் கடித்துக்கொண்டு, ஊதினாலும் விலகாமல், உஸ் உஸ் என்று சீறின. பிறகு பிடி தளர்ந்தது. பிறகு ஒரு நாள் பார்த்தால் வலைக் கண் வழியே நாக்கை நீட்டி உள்ளே இருக்கிற ராணிக்கு ஊட்டிக்கொண்டிருந்தன. சீனியை அவையே அரித்து வழி செய்தன, அது தானாக நடந்து வெளியே வந்தது. நான் கை வைக்கவே இல்லை. இப்போது அறைக்கு ஒரு முட்டை, வெள்ளை நூல் துண்டு மாதிரி நிற்கிறது. தேனீக்கள் காலில் மஞ்சள் மகரந்தத்தோடு வந்து இறங்குகின்றன. என் கை பட்ட பெட்டி விளங்காது என்று எழுதினாயே, அந்தப் பெட்டிதான் இது.

உன் அப்பா செய்ததும் நீ செய்த அதே வேலைதான், அதையும் சொல்லிவிடுகிறேன். நான் இந்த வீட்டுக்கு வந்த பிறகு முதன்முதல் ஹொஸ்டலிலிருந்து ட்ரங்குப் பெட்டியோடு நீ லீவுக்கு வந்த அன்று நான் அடுப்படியில் நின்றேன். நீ என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் யாரோ இருப்பதுபோல் பார்த்தாய். கண்ணாடிக்குப் பக்கத்தில் உன் அம்மாவின் சீப்பு முடியோடு கிடந்தது. கொடியில் அவரது சேலை. எனக்குச் சத்தியமாகத் தெரியாது, இவர் என்னைக் கட்டியது பற்றி உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை என்று. பின்னால் கேட்டதற்கு, "நேர்ல பார்த்தா சரியாயிடும்னு நெனச்சேன்" என்றார். மேலே தேனைத் தடவி உள்ளே விட்டாராம்! அன்று நீ கொட்டினாய், கொட்டத்தான் செய்வாய், அதற்காக நான் உன்மேல் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. ஆனால் தேனீக்கு வாசம் ஒன்றுதான் தெரியும், உனக்கு அப்படியா? படித்திருக்கிறாய், கந்தோரில் உத்தியோகம் பார்க்கிறாய், பேசத் தெரியும், கேட்கத் தெரியும். மூன்று வருடம் போதாதா? நான் உன் அம்மாவின் இடத்துக்கு வந்த புது ராணி என்று யாராவது உனக்குச் சொல்லியிருந்தால், அவர்களுக்கு ராணி என்றால் என்னவென்றே தெரியாது என்று சொல். ராணி ஒரு வேலையும் செய்யாது, மற்றவர்கள் வாயில் ஊட்டிவிடுவார்கள். இந்த வீட்டில் எனக்கு யார் ஊட்டினார்கள்? உன் அம்மாவின் இடம் எனக்கு வேண்டாம். வெள்ளிக்கிழமை அவர் படத்துக்குப் பூ வைக்கிறவள் நான்தான், யாரும் சொல்லிச் செய்வதில்லை. எனக்கு வேண்டியது நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிற ஒரு பிள்ளை, அவ்வளவுதான்.

அத்தை உனக்குப் பெண் பார்க்கிறார், எல்கடுவப் பக்கத்தில் ஒரு கிளார்க்கர் மகள் என்று பேச்சு. நல்லது. நாளைக்கு நீயும் ஒருத்தியை ஒரு வீட்டுக்குள் கூட்டிவருவாய். தயவுசெய்து அவளை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்காதே. வருமுன் வீட்டில் இருப்பவர்களிடம் சொல், அவர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், கூட நின்று அதைப் பார். யாருடைய சேலை கொடியில் கிடக்கிறது, யாருடைய சீப்பு கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அவளுக்கும் முன்கூட்டியே சொல். அவளுக்கும் பழக நாள் வேண்டும், வீட்டுக்கும் நாள் வேண்டும். யார் தலையில் குற்றம் விழுகிறது என்று பார்த்துக்கொண்டு வானத்தைப் பார்க்காதே. உன் அப்பா நல்ல மனிதர்தான், இந்த ஒரு பழக்கத்தை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே.

இன்றைக்கு உன் கடிதத்தைப் படித்த பிறகு நான் அவரிடம் பெட்டிகள் போகாது என்று சொல்லிவிட்டேன். "பையன் ஆசையா கேக்குறான். குடுத்துட்டா பிரச்சனை முடிஞ்சிடும்தானே?" என்றார். "பிரச்சனை முடியாதுங்க, பையன் வர்றது முடிஞ்சிடும். அவன் பெட்டிக்காகத்தான் வர்றான். உங்களைப் பார்க்க வர்றான்னா நெனச்சிக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன். பாதிச் சோற்றில் கையைக் கழுவினார். கேட்டிருக்கக்கூடாதுதான். ஆனால் அது பொய் என்று அவரும் சொல்லவில்லை. போயாவுக்குப் போயா தன் கடையை நேரத்தோடு அடைத்துவிட்டு, பஸ் வருகிற சத்தத்துக்குக் காது வைத்துக்கொண்டிருப்பார். நீ வந்ததும் நேரே மரத்தடிக்குப் போவாய், அவர் பின்னாலேயே வந்து, தேனைப் பற்றி நாலு கேள்வி கேட்பார். தேனைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. உன்னோடு பேச அவருக்கு இருப்பது அந்த மூன்று பெட்டிகள்தான். அவை ரத்தோட்டைக்குப் போனால் நீ ரத்தோட்டைக்குப் போவாய். இவர் இங்கே சும்மா உட்கார்ந்திருப்பார், உன் தங்கச்சிக்கு அண்ணன் என்று ஒருவன் இருப்பது படத்தில் பார்த்துத்தான் தெரியவரும். நான் இதற்குச் சம்மதிக்க மாட்டேன்.

வேறு காரணமும் உண்டு, அது உனக்கே தெரியும். நம்முடைய ஊர்த் தேனீ கோபித்துக்கொண்டால் சண்டை போடாது, கூட்டைவிட்டே பறந்துவிடும். இப்போதுதான் ராணி சேர்ந்திருக்கிற பெட்டியை லொறியில் ஏற்றி ரத்தோட்டை வளைவுகளில் குலுக்கிக்கொண்டு போனால், போய்ச்சேரும்போது வெறும் பலகைதான் இருக்கும். அதற்கும் பிறகு என் கையைத்தான் சொல்வீர்கள். ஆகவே லொறி வந்தால் நான் கேட்டைப் பூட்டிவிட்டு, தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நிற்பேன். அத்தை தெருவில் நின்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லட்டும். பெட்டி உன்னுடையதுதான், இல்லை என்று நான் சொல்லவில்லை. வேண்டுமென்றால் நீயே வா. வந்து உன் கையால் மூடியைத் திறந்து, நான் சொன்னது பொய்யா மெய்யா என்று பார். பார்த்த பிறகும் கொண்டுபோவேன் என்றால், முதல் குஞ்சுகள் பொரித்துக் கூட்டம் பலப்படும்வரை பொறுத்து, ஒரு நாள் பொழுதுபட்டு எல்லாம் உள்ளே அடங்கியதும் வாசலை அடைத்து, நானே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கித் தருவேன். அப்படிக் கொண்டுபோனால் எனக்கு வருத்தம் இருக்கும், வழக்கு இருக்காது.

இந்தத் தடவை அப்பாவுக்கு எழுதாதே. எனக்கு எழுது. திட்டி எழுதினாலும் பரவாயில்லை. போயாவுக்கு முன்னால் நீ வருகிறாயா, இல்லையா? தயவுசெய்து சீக்கிரம் பதில் போடு.